மேல்கட்டில்

ரிப்னிக்கில் நவம்பர் பிறந்ததும் ஜன்னல் இடுக்குகளை ஒட்டிவிடுவோம்.
அப்படியும் வரும்:
ஈர நிலக்கரி, யாரோ அடுப்பில் போட்ட
பழைய அலமாரியின் வார்னிஷ்.
விடிகாலையில் அம்மா பேருந்து ஓட்டக் கிளம்பும்போது
தெருவிளக்குகள் இருக்கும், தெரு இருக்காது.

தம்பி கயெத்தான் மேல்கட்டில். நான் கீழ்.
மூன்று வருஷம் அவன் இழுப்பைக் கேட்டபடியே தூங்கினேன்.
எனக்கு அதில் தேர்ச்சி உண்டு:
எண்ணெய் காணாத கதவாக முனகினால் பயமில்லை.
விசிலடித்தால் அம்மாவை எழுப்ப வேண்டும்.
ஒன்றுமே கேட்காவிட்டால்
ஏணியில் ஏறி உதட்டின் நிறத்தைப் பார்க்க வேண்டும்.

அக்டோபரில் அந்த மாத்திரை வந்தது.
இளஞ்சிவப்பு. சப்பித் தின்னலாம். செர்ரி வாசனை.
பத்து நாளில் இழுப்பு நின்றது.
அப்பா, பாதி நுரையீரலோடு சுரங்கத்திலிருந்து ஓய்வுபெற்றவர்,
டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"எங்கள் காலத்தில் மட்டும் இது..." என்றார்.
முடிக்க மூச்சு போதவில்லை.
நான் தூங்கினேன். சத்தியமாக,
அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன்.

அதனால் கவனிக்கவில்லை,
மேலே அவன் விழித்துக் கிடந்ததை.
அப்பாவோடு புறாக்கூண்டுக்குப் போவதை விட்டதை.
ஸ்பீட்வே வீரர்களின் படஅட்டைகளை, கட்டோடு,
ஓல்கியெர்டிடம் கொடுத்துவிட்டு வந்ததை.
சூப்பின் நடுவில் கரண்டியை வைத்துவிட்டு அழுதான்.
ஏன் என்றால், தெரியவில்லை என்றான்.
பள்ளிக்கூடத்தில் ஏதோ, என்றாள் அம்மா.
வெயில் படாத பிள்ளை, என்றார் அப்பா.

பிறகு ஒரு இரவு. இழுப்பே இல்லாத தெளிந்த குரல்:
"யாக்னா, நான் இல்லாமல் போனால்
மேல்கட்டில் உனக்கா?"

ஒன்பது வயது.

மூச்சுக் காட்டாமல் கிடந்தேன் கொஞ்ச நேரம்.
அப்புறம் ஏறி அவன் பக்கத்தில் படுத்தேன்.
இரண்டு பேருக்கு இடமில்லை, முழங்கால் இடித்தது.
விடியும்வரை அவன் மூச்சு என் கழுத்தில் பட்டது,
சீராக, சுத்தமாக,
ஒரு குறை சொல்ல முடியாமல்.

குளியலறையில் டப்பாவின் தாளை விரித்தேன்.
எறும்பு எழுத்து. தலைவலி, வயிற்றுவலி, தாகம்.
அதற்கும் கீழே கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு,
அப்புறம் நான் அம்மாவுக்கு
விரலால் மட்டும் காட்டிய ஒரு வரி.
அம்மா சீருடையோடு தொட்டி விளிம்பில் உட்கார்ந்து படித்தாள்.
அன்று அவள் பேருந்து கிளம்பவேயில்லை.

டாக்டர் வியெச்சோரெக் கண்ணாடியைக் கழற்றினார்.
"இருக்கலாம். சிலருக்கு மட்டும். ஏன் என்று தெரியாது.
இருட்டுக் காலம் வேறு.
இழுப்பே பிள்ளைகளைச் சோர்த்துப்போடுவதும் உண்டு.
மருந்தை மாற்றுவோம். மனநல மருத்துவரை இன்றே பார்ப்போம்.
அவனைத் தனியாக விடாதீர்கள்."
"என்னிடம் யாருமே சொல்லவில்லையே" என்றாள் அம்மா.
அவர் கண்ணாடியைத் துடைத்தார், வெகுநேரம்.
"சொல்லியிருக்க வேண்டும்."

நெஞ்சுக்கு என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள்.
எந்த நெஞ்சுக்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

இப்போது ஜனவரி. இன்ஹேலர், காலையும் மாலையும்.
ஊதுமானி காட்டும் எண்ணை நான்தான் நோட்டில் எழுதுகிறேன்.
பக்கத்தில் இன்னொரு கட்டம், தலைப்பில்லாமல்:
சூப் முழுவதும்.
பேசவில்லை.
புறா, ஐந்து நிமிஷம்.
அழுதான், கொஞ்சம்.
மாத்திரைதானா என்று இன்னும் யாருக்கும் தெரியாது.
ஓல்கியெர்ட் அட்டைகளைத் திருப்பித் தரவில்லை,
இவனும் கேட்கவில்லை.

நேற்று இரவு விசில் திரும்பி வந்தது.
அம்மாவை எழுப்பினேன். மருந்து இழுத்தான். மெல்ல இறங்கியது.
விளக்கணைத்த பிறகு சொன்னேன்,
ஏறி ஏறி எனக்கு முழங்கால் போயிற்று,
கட்டிலை மாற்றிக்கொள்ளலாமா?

மிச்ச இழுப்புக்கு நடுவே, சொல் சொல்லாக:
"மாட்டேன். இது. என்னுடையது."

எழுதிக்கொண்டேன்,
இருட்டில், கோணலாக.