விறகுப் பக்கம்

பால் கணக்கு நோட்டின் கடைசித் தாளில்
நடுவே ஒரு கோடு இழுத்தேன்.
இடது, கேஸ்.
வலது, விறகு.

போன தை மாதம்
குளிக்க, குடிக்க, பாத்திரம் அலச
எல்லாவற்றுக்கும் வெந்நீர்தான் வட்டவடையில்.
குழாயைத் திறந்தால் தண்ணீர் கடிக்கும்.
ஒரு சிலிண்டர் பத்தொன்பது நாள் வந்தது.
மூணாறிலிருந்து ஏறி வர ஜீப் கூலி தனி.
ஏற்றத்தில் அதுவும் ஓர் ஆள் இடம் பிடித்துக்கொள்ளும்,
சிவப்புச் சட்டை போட்ட விருந்தாளி.

பூண்டு விலை விழுந்த வாரம்
வீரணன் ஒரு தார் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தார்.
ரோடு போட்டவர்கள் விட்டுப்போனது.
ஷிபுவின் பட்டறையில் கதவு வெட்டி, கால் வைத்து,
தகரக் கூரையை வட்டமாக அறுத்து
குழாயை வெளியே விட்டோம்.
முதல் நாள் சோறுகூடத் தார் நாறியது.
இரண்டாம் நாள் கண் எரிந்தது.
மூன்றாம் நாள்தான் தெரிந்தது
குழாயின் வாயைக் காற்றுக்கு முதுகு காட்டித்
திருப்ப வேண்டுமென்று.
ஜன்னலை ஒரு விரல் திறந்தே வை என்றான் ஷிபு.
காசு கொடுத்து வாங்கிய சூட்டில்
ஒரு விரல் அளவு மலைக்குப் போகிறது.

கிராண்டிஸ் அவசரக்காரன்.
பற்றுவான், பாய்வான்,
டீ கொதிக்கும் முன்னே
பேச்சை முடித்துக்கொண்டு எழுந்துவிடுவான்.
சீகை அப்படியில்லை.
மெதுவாக உட்காரும்.
விடியும்வரை அடியில் ஒரு கங்கை
யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கும்.
ஈரக்கட்டையோ
ஒரு முனையில் நெருப்பை வாங்கி
மறுமுனையில் நுரை தள்ளி
வட்டி கட்டப் போகிறவன்போல் முனகும்.

வனக் காவலர் பினோய் வாசலில் நின்று
'விறகு எவிடெ நின்னா, சேச்சி?' என்றார்.
மர மில்லின் பில்லை எடுத்து நீட்டினேன்.
அவர் முதலில் கையைத் தீப்பக்கம் நீட்டினார்.
பில்லைப் பிறகு பார்த்தார்,
இரண்டு பக்கமும் திருப்பி,
அவசரமே இல்லாமல்.

இடது பக்கம் நாலு மாதமாய் வெறுமை.
வலது பக்கம்தான் நீண்டுகொண்டே போகிறது:
மில்லின் பட்டைத் துண்டு, ஒரு ஜீப் லோடு.
கோடாலிக்குப் புதுக் காம்பு.
வீரணனின் தோளுக்குத் தைலம், இரண்டு பாட்டில்.
பொறி பட்டு ஓட்டை விழுந்த பாய்.
வெல்டிங் பாக்கி நானூறு.
என் இருமல், விலை போடவில்லை.
சாம்பல் பூண்டுப் பாத்திக்குப் போனதைக் கழித்தேன்.
கூட்டிப் பார்த்தால்
மிச்சம் இருக்கத்தான் செய்கிறது.
நான் நினைத்த மிச்சம் இல்லை,
தர்ஷினிக்கு ஸ்கூல் ஷூ வாங்கும் மிச்சம்.
அதுவும் ஒரு கால் இடறுகிற மாதிரி,
சாக்ஸ் சேராமல்.

கேஸ் ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.
'நாலு மாசமா புக் பண்ணலையே,
கனெக்‌ஷன் வேண்டாமா?'
மூலையில் இருந்த சிலிண்டரின் தலையில்
வெங்காயத் தட்டு இருந்தது.
இறக்கிவைத்துவிட்டு ஆட்டிப் பார்த்தேன்.
உள்ளே ஏதோ இன்னும் நகர்ந்தது.
வேண்டும் என்றேன்.
ஆனி, ஆடி என்று இரண்டு மாதம் இருக்கிறதே,
கட்டையெல்லாம் குளித்துவிட்டு வந்து நிற்கும்.
அப்போது இந்தச் சிவப்புச் சட்டைக்காரனிடம்தான்
முகம் காட்ட வேண்டும்.

ராத்திரி இரண்டு மணி.
ஒரு சீகைக் கட்டையை உள்ளே தள்ள எழுந்தேன்.
வெளியே முட்டைக்கோஸ் பாத்தி
வெள்ளைப் பொடி தூவினாற்போல் உறைந்து கிடந்தது.
பீப்பாய்க் கதவு கிரீச்சிட்டது.
தர்ஷினி விழிக்கவில்லை.
கம்பளிக்கு வெளியே ஒரு கால் கிடந்தது.
இந்த வீட்டில், இந்த மாதத்தில்,
அவள் கால் வெளியே கிடந்து நான் பார்த்ததில்லை.
உள்ளே தள்ளிவிடக் குனிந்தேன்.
தொட்டால் சூடாக இருந்தது.
அப்படியே விட்டுவிட்டு வந்து படுத்தேன்.
கண் சொருகும்போதும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது,
ஷிபுவுக்கு நானூறு,
ஷிபுவுக்கு நானூறு.