இடது டிரம்

பந்தயப் புத்தகத்தில் இவன் பெயர் அஃபிடவிட்.
முனாவர் வாயில் அது டேவிட் ஆனது.
காகிதம் பதினான்கு வயது என்றது.
பல்லைப் பிடித்துப் பார்த்த டாக்டர் தேச்சம்மா
பதினேழு என்றார், கூடவும் இருக்கலாம் என்றார்.
வாகன இழப்பீட்டுப் பிரிவில் இருபத்திரண்டு வருடம்
காகிதங்களோடு இருந்தவள் நான்.
பல்லை நம்பினேன்.

ஹெசரகட்டா தாண்டி, திராட்சைத் தோட்டத்தை ஒட்டி
ஒரு ஏக்கர் செம்மண்.
பீன்யாவில் பேரம் பேசி வாங்கிய மூன்று நீல டிரம்கள்.
ஒன்றில் இன்னும் பசை நாற்றம்.
முக்கோணமாக வைத்து, ஒவ்வொன்றையும் முழுசாய்ச் சுற்றி
வந்த வழியே பறக்க வேண்டும்.
பதினேழு விநாடியில் முடிக்கிறவர்கள் இருக்கிறார்களாம்.
நாங்கள் முதல் இரண்டு மாதம் நடந்தோம்.

நடை,
நிற்பது,
மூச்சு அடங்கும்வரை அவன் காதுகளுக்கு நடுவே
விமானங்கள் இறங்குவதைப் பார்ப்பது,
மறுபடி நடை.
பழைய லாரி, காலையில் கொஞ்சம் உறுமவிட்டுத்தான்
கியர் போடணும் மேடம் என்பார் முனாவர்.
தீவனத்தில் மூட்டுக்கான பொடி, ஊறவைத்த கொள்ளு.
இறங்கியதும் நான்கு கால்களையும்
முழங்காலிலிருந்து குளம்புவரை தடவிப் பார்க்க வேண்டும்,
காய்ச்சலுள்ள பிள்ளையின் நெற்றி மாதிரி.
சூடிருந்தால் மறுநாள் விடுமுறை.

வலது பக்கம் வெண்ணெய்.
ஆறு வருடம் வலப்பக்க வேலியை ஒட்டியே ஓடியவன்,
காசு கட்டியவர்கள் கத்தக் கத்த
வலம், வலம், வலம்.
இடது என்றால் கழுத்து மரக்கட்டை.
டிரம்மைச் சுற்றச் சொன்னால்
யெலஹங்கா பக்கம் கிளம்பிவிடுவான்.

ஐந்தில் வளையாதது என்று
ஒசூரிலிருந்து குரல்பதிவு அனுப்பினான் ஜெயசீலன்.
குதிரைக்கு ஐம்பது வயது கிடையாது மச்சான்,
உன் பழமொழி இங்கே செல்லாது
என்று பதில் போட்டேன்.
போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆட்டத்தில் ஒரு சலுகை உண்டு.
வலது டிரம்மில் தொடங்கினால் இரண்டு இடது.
இடது டிரம்மில் தொடங்கினால்
ஒன்றே ஒன்று.
அந்த ஒன்றுக்குத்தான் இவ்வளவும்.

ஒரு நாள் முனாவர் கூப்பிட்டார்.
லாயத்தில் தண்ணீர் வாளி இடது மூலையில்.
டேவிட் அதை நோக்கித் திரும்பினான்,
நெளிந்து, வழுக்கி, பாம்பு போல,
எலும்பே இல்லாதவன் மாதிரி.
தினமும் பத்து முறை திரும்புகிறான்,
முனாவர் மெதுவாகச் சொன்னார்,
முதுகில் யாரும் இல்லாதபோது.

அன்று மாலை செல்போனில் படம் எடுத்தார்.
சேணத்தின் மேல் ஒரு பெண்மணி
இடது டிரம் நெருங்கும்போதெல்லாம்
வலப்பக்கம் சரிகிறாள்,
பல்ஸரில் பின்னால் உட்கார்ந்து பயப்படுகிறவள் போல.
அவன் அவளுக்கு அடியில் நகர்ந்து நகர்ந்து
அவளைக் கீழே விடாமல் பார்த்துக்கொள்கிறான்.
மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தேன்.
நாலாவது முறை முனாவர் போனை வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் பயிற்சி எனக்கு.
ரிகாப்பு இல்லாமல், கடிவாளத்தை ஒரு கையில் பிடித்து,
இடது இடுப்பெலும்பை ஆணி மாதிரி இறக்கி.
டேவிட் சலித்துப்போய்க்
கொட்டாவி விட்டான்.

டிசம்பர் ஞாயிறு, பதினோரு பேர்.
எனக்கு முன்னால் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண்,
சாம்பல் நிறக் குட்டைக் குதிரை, பத்தொன்பது விநாடி.
கைதட்டல் அடங்குமுன் எங்கள் முறை.

இடது டிரம்.
இறங்கி உட்கார்ந்தேன்.
வாளிக்குத் திரும்புகிறவன் போல் திரும்பினான்.
அப்புறம் இரண்டு வலது, அவன் சொந்த ஊர்,
அப்புறம் நேர்கோடு.
அதில் அவனுக்கு எதுவோ ஞாபகம் வந்துவிட்டது.
கோட்டைத் தாண்டினான், வண்டிகள் நிறுத்திய இடத்தைத் தாண்டினான்,
சோளக்கதிர் சுடுகிறவர் அடுப்போடு எழுந்து ஓடினார்.

இருபத்தாறு புள்ளி நான்கு. எட்டாவது இடம்.

குளிர்ந்த நீரூற்றி நடத்தி முடித்தபின்
கால்களைத் தடவினேன்.
நான்கிலும் சூடில்லை.
நொண்டி நொண்டி வாளியை எடுக்கப் போனேன்.
டேவிட்டுக்கென்று வாங்கி வைத்திருந்த ஐஸ் மூட்டையை
ஒன்றும் சொல்லாமல்
முனாவர் என்னிடம் நீட்டினார்.