மூன்று சொல்லோடு போனவன்

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி
நூறு அடி நடந்தால் ஷாப்பு.
கறுப்புப் பலகையில் வெள்ளையாக இரண்டே எழுத்து.
கோயம்புத்தூர் பைக்குகள்
ஹெல்மெட் கழற்றும் முன்பே ஆர்டர் சொல்லும்.
கப்பை வைக்கிறேன், குப்பி கழுவுகிறேன்,
மத்தியில் முள் இருக்கும், பார்த்து என்கிறேன்.

லிஸ்பனில் இருந்த ஆள் என்று
முதலாளி சுகுணன் உளறிவிட்ட நாளிலிருந்து
ஆளுக்கொரு கேள்வி.
ராத்திரியெல்லாம் எப்படிங்க?
விடிய விடியத் திறந்திருக்குமாமே?

திறந்திருக்கும்தான்.
சின்னக் கல் பாவிய மேட்டுத் தெரு,
மழை பெய்தால் செருப்பு நிற்காது.
வெளியூர் ஜனம் கையில் பியரோடு
தெருவிலேயே நிற்கும், உள்ளே இடமிருக்காது.
நான் நின்றது அதற்கும் உள்ளே:
இரண்டு தொட்டி, ஒரு குழாய்,
ஆவி போக ஒரு கையகல ஓட்டை.

முதல் நாள் அபீலியு கத்தினார்:
மேஸா! கோப்பு! ஷாவ்!
மேசையைத் துடைத்தேன். கோப்பையை எடுத்தேன்.
ஆணியில் கிடந்த சாவியை நீட்டினேன்.
மொழி தெரிந்தவன் என்று அன்றைக்கே
முடிவு கட்டிவிட்டார் மனுசன்.
பிறகு இரண்டு வருஷம் அவர் சொன்னதற்கெல்லாம்
தலையாட்டினேன்.
மயில்சாமி அவர் வாயில் நுழையவில்லை,
மாயு என்றார்.
அந்த ஊரில் அது மே மாசம்.
மே மாசம், தட்டு! மே மாசம், குப்பை!
டிசம்பர் குளிரிலும் நான் மே மாசம்தான்.

வேலைக்கு முன்னால்
சந்துமுனையில் ஓர் ஆள் அகலக் கடை.
புளிப்புப் பழத்தில் ஊறிய சாராயம், விரல் உயரக் கிளாஸ்.
பழத்தோடயா, இல்லாமலா?
அதற்கு மேல் கேட்கமாட்டான்.
கொட்டையைத் தெருவில் துப்பலாம்.
அங்கே நான் யாரையும் கேட்காமல் செய்த
ஒரே காரியம் அது.
சில்ஹெட்காரன் ரொகிபுல் குடிக்கமாட்டான்,
எத்தனை கொட்டை என்று எண்ணிக்கொண்டு நிற்பான்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்குப் பாட்டு.
விளக்கைத் தணிப்பார்கள்.
ஸ்பூன் சத்தம் கூடாது, பில் கேட்கக் கூடாது,
அடுப்படியில் குழாய் திறக்கக் கூடாது.
கை நிறைய சோப்பு நுரையோடு
நான் அப்படியே நிற்பேன்.
நுரை ஒவ்வொன்றாக உடையும்.
தண்ணீர் ஆறும்.
கறுப்புச் சால்வைக்குள்ளிருந்து லுர்தெஸ் குரல்,
கல்யாண வீட்டில் கடைசியாகக் கிளம்புகிறவள் மாதிரி
வாசலில் நின்று நின்று வரும்.

ஒருநாள் பாட்டு முடிந்து
கவிழ்த்த பியர்ப் பெட்டியில் வந்து உட்கார்ந்தாள்.
செருப்பைக் கழற்றிக் குதிகாலைத் தேய்த்தாள்.
உனக்கு என்ன புரிந்தது என்று கேட்டாள்.
ஜன்னல், என்றேன்.
மீதி?
மீதி இல்லை, ஜன்னல் மட்டும்.
ரொகிபுல் எடுத்துச் சொன்னான்.
அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.
மீதியெல்லாம் அந்த ஜன்னலை
மூடவா வேண்டாமா என்பதுதான் என்றாள்,
ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு
அடுத்த பாட்டுக்குப் போனாள்.

இதையெல்லாம் இவர்களிடம் சொல்வதில்லை.
ஆமாங்க, ஜோரான ஊரு, என்பேன்.
ஆறுச்சாமி மட்டும் விடமாட்டார்.
தென்னந்தோப்பு, கடன், இரண்டு முட்டியிலும் வலி,
தினம் மூன்று குப்பி.
அங்க கள்ளு உண்டா?
இல்லீங்க.
தென்னை?
பார்த்ததில்லீங்க.
அப்புறம் எதுக்குடா அத்தனை பேரும்
தூங்காம உக்காந்திருக்கான்?

தெரியலீங்க என்றேன்.

நேற்று மழை. ஆளில்லை.
ஷட்டரைப் பாதி இறக்கிச் சுகுணன் காசு எண்ணினார்.
ஆறுச்சாமி கடைசிக் குப்பியைப் பார்த்தபடி
என்னமோ முனகினார்.
இருமல் என்று நினைத்தேன்.
இல்லை, ராகம் மாதிரி ஒன்று,
தாளத்துக்கு நிற்காத ஒன்று.
சுகுணன் எண்ணுவதை நிறுத்தி
எந்தா மயிலே, வெள்ளம் தீர்ந்நோ என்றார்.

பார்த்தேன்.
குழாயை நான்தான் மூடியிருக்கிறேன்.