இறுதி இருப்பு

ஐந்தாம் தேதிக்குள் அனுப்பிவிட வேண்டும்:
தொடக்க இருப்பு, வரவு, விற்பனை, இறுதி இருப்பு.
நான்கு கட்டம். ஐந்தாவது கிடையாது.

கொக்கி கிழித்த மூட்டையிலிருந்து
லாரிக்கும் கதவுக்கும் நடுவே சிந்தியதை,
ஐப்பசி ஈரத்தில் இறுகிக்
கல்லாகிப்போன யூரியாவை,
எலி கடித்துப் பார்த்து
பிடிக்காமல் விட்டுப்போனதை
எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று
பதினோரு வருடமாக எனக்குத் தெரியவில்லை.
கூட்டி அள்ளிப் பின்பக்க முருங்கைக்குப் போடுகிறேன்.
கன்னங்கரேலென்று தழைக்கிறது.
ஒரு காய் இல்லை.

நேற்று எபனேசர் சார் வந்தார்.
சாத்தான்குளத்துக்காரர்,
பள்ளிப்பட்டுக்கு மாற்றலாகி நாலு மாதம்.
இன்னும் "ஏமண்டி" என்றால்
யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைக்கிறார்.
முதலில் ஆய்வுக் கட்டண ரசீது.
காட்டினேன். டன் கணக்கு போட்டு நானே கட்டியது.
பெண் பார்க்க வருகிறவர்களுக்கு
பஸ் சார்ஜும் பெண்வீட்டார் கொடுத்த மாதிரி.

விலைப்பலகையை வாய்விட்டுப் படித்தார்.
பித்தளைக் குழாயை மூட்டைக்குள் குத்தி இழுத்தார்.
செம்மண் நிறத்தில் வந்தது பொட்டாஷ்.
மூன்று பொட்டலம், மூன்று முத்திரை:
ஒன்று ஆய்வகத்துக்கு,
ஒன்று அவர் ஆபீஸ் பீரோவுக்கு,
ஒன்று எனக்கு,
நாளைக்கு நான் கலப்படக்காரி ஆனால்
இல்லையென்று காட்டுவதற்கு.
அரக்கு உருகியபோது
கடை கொஞ்ச நேரம் தபால் நிலையமாக மணத்தது.

பிறகு எண்ண ஆரம்பித்தார்.
மெஷினில் அறுபத்திரண்டு. தரையில் அறுபது.
மறுபடி எண்ணினார். நானும் எண்ணினேன்,
அவர் தமிழில், நான் வாய்க்குள் தெலுங்கில்.
ரெண்டு பாஷையிலும் அறுபதுதான்.

"ரெண்டு மூட்டை எங்கேம்மா?"

தேசம்மாவின் கரும்பில் இருக்கிறது, சார்.
ஓடைக்கு இந்தப் பக்கம் அவளுக்கு
கிணறு, ரேஷன் கார்டு, மாமியார்.
அந்தப் பக்கம் ஒன்றரை ஏக்கர்.
கரும்பு ஆந்திராவில் நிற்கலாம்.
அதற்குத் தண்ணீர் தமிழ்நாட்டிலிருந்து போகலாம்.
மானிய யூரியா மட்டும்
ஓடைக்கரையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு
திரும்பி வந்துவிட வேண்டும்.

அன்றைக்கு அவள் கட்டைவிரலை வைத்தாள்.
மெஷின் வட்டம் போட்டது.
பாவாடையில் துடைத்துவிட்டு வைத்தாள்.
வட்டம்.
இன்னொரு விரல். வட்டம்.
வெளியே ஷேர் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்.
தூக்கிப் போட்டு அனுப்பிவிட்டேன்.

சாரிடம் வட்டத்தைச் சொன்னேன்.
ஓடையைச் சொல்லவில்லை.

கார்பன் தாள் வைத்து எழுதினார்:
இருப்பு வித்தியாசம், ஏழு நாளில் விளக்கம் தருக.
நல்ல கையெழுத்து, நகலில்கூட 'ழு' தெளிவாக விழுந்தது.
பிறகு மோர் குடித்தார்.
இன்னொரு தம்ளர் கேட்கலாமா என்று
யோசித்ததைப் பார்த்தேன். ஊற்றினேன்.

சாயங்காலம் கிருஷ்ணாபுரத்தில் ஷட்டர் தூக்கிவிட்டார்களாம்.
ராத்திரிக்குள் ஆற்றில் தண்ணீர்.
பாலத்தின் மேல் நின்று பார்த்தேன்.
அந்தப் பக்கத்துக் கரும்பு, நெல், மாந்தோப்பு
எல்லாவற்றிலும் கரைந்தது போக மிச்சமெல்லாம்
பில் இல்லாமல், விரல் வைக்காமல்
தமிழ்நாட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.
தேசம்மாவின் ரெண்டு மூட்டையில் எத்தனை கிலோ
இதில் திரும்பி வருகிறதோ.
வரவு என்று எழுதினால்
சார் ஒத்துக்கொள்வாரா?

அவள் இன்னும் காசும் தரவில்லை.
ஐந்நூற்று முப்பத்து மூன்று.
வெட்டு முடிந்து, ஆலைக்காரன் கொடுத்தால் கொடுப்பாள்.
அதை எழுத நோட்டு இருக்கிறது,
யாரும் வந்து பார்க்காத நோட்டு.

விளக்கக் கடிதம் ஆரம்பித்துவிட்டேன்.
பெறுநர் எழுதியாயிற்று, உரிம எண் எழுதியாயிற்று,
'ஐயா' என்று எழுதி
ஒரு கமா போட்டிருக்கிறேன்.