மூன்றாவது கூடு

அறிவியல்நகர். முதல் விரிவுரை. புரொஜெக்டர் பழுது.
படிவத்தில் மூன்றாவது கூடு: இனம்.
குருநாகல் தினுஷி யோசிக்காமல் எழுதினாள்.
முசலி நஸ்லியா, "சோனகரா, முஸ்லிமா, எது சரி, சேர்?"
"எழுதுங்கோ, பிறகு கதைப்பம்."

எனக்குப் பேனை நின்றது.
எழுபத்தேழில் அடிவாங்கி
இரத்தினபுரியிலிருந்து வந்திறங்கிய தாத்தா
இந்தியத் தமிழர்.
அப்பா, சான்றிதழில், இலங்கைத் தமிழர்.
வாய்க்கால் தண்ணி முறைக்கு நிற்கையில்
இரண்டு பேரும் தோட்டக்காட்டார்.

கஜவதனன் எட்டிப் பார்த்தான்.
"தமிழெண்டு போடன், வேறென்ன?"
நல்ல பொடியன்.
போனமாதம் அவன் வீட்டில் புட்டும் மீன்குழம்பும்.
அவன் அம்மா கேட்டா: "தம்பி எவ்விடம்?"
"ஜெயபுரம்."
"அதுக்கு முந்தி?"

தாளை அப்படியே அவனிடம் தள்ளினேன்.
அவனே நிரப்பிக் கொடுத்தான்.
வடிவான கையெழுத்து.