மூன்றேகால் மார்க்

ஆயுதபூஜைக்கு மறுநாள்.
தண்டையார்பேட்டை லாரி ஷெட் வாசலில்
சில்லறை பொறுக்கிப் போன பூசணி
குங்குமச் சேறாய்க் கிடக்கிறது.
ஒரு பைக் வழுக்கி, திட்டி, எழுந்து போனது.

கப்பலிலிருந்து இறங்கிய டெரன்ஸ்
பனியனில் சுற்றிக் கொண்டுவந்த ஒரே பாட்டில்.
லேபிளில் சிவப்பாய் ஓர் இலை.
"அங்க இலை கொட்டுற மாசத்துக்குன்னே காய்ச்சறான்.
பரங்கிக்காய் பீர்."

மூன்று பேர். இரண்டு எவர்சில்வர் டம்ளர்,
ஒரு தெர்மாஸ் மூடி.
டிரிப் ஷீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.

நுரை: உட்காருமுன் படுத்துவிட்டது.
நிறம்: மாற்ற ஒரு வாரம் இருக்கிற இன்ஜின் ஆயில்.
முதல் வாய் இனிப்பு.
கசப்பு கடைசியில்தான்,
நலம் விசாரிக்க வந்தவன்
செருப்பை மாட்டும்போது கடன் கேட்பதுபோல.

"கூலிங் இருக்கா இல்லியா,
அதாம்பா ருசி" என்றான் புண்ணியகோட்டி.
அவன் டம்ளர் காலி.

புரட்டாசியில் ஓடாத பிரியாணிக் கடையிலிருந்து
கௌஸ் பாய் வந்தார். குடிக்க மாட்டார்.
பாட்டில் வாயை மட்டும் மோந்தார்.
"பட்டை தூக்கல். கிராம்பு பழசு.
காயே இல்ல இதுல,
காய்க்குப் போடற மசாலாதான்."

டெரன்ஸ் லேபிளைத் திருப்பி
பொடி எழுத்தைப் படித்தான்.
படித்ததை எங்களிடம் சொல்லவில்லை.

ஐந்துக்கு மூன்று போட்டேன்.
மழை பிடித்தது.
தார்ப்பாய் ஓட்டை வழியே
என் மூடியில் நாலு சொட்டு.
வாசலில் பூசணி நகர ஆரம்பித்தது,
விதை விதையாய், கால்வாய்ப் பக்கம்.
மிச்சத்தைக் குடித்தேன்.

கால் மார்க் கூட்டினேன்.
எதற்கு என்று புண்ணியகோட்டி கேட்டான்.
பேனா மை அதற்குள் கரைந்திருந்தது.