அழுதது – ஒன்று

மச்சாகோஸில் ஒரு பெண்கள் விடுதிப் பள்ளி.
டிசம்பர் விடுமுறை. பிள்ளைகளின் கட்டில்களில்
கால் வெளியே நீட்டியபடி நாங்கள் உறங்குகிறோம்.
பகலெல்லாம் சாப்பாட்டுக் கூடத்தின் நீள மேசை,
ஆறு பேர், ஆறு சிவப்புப் பேனா,
தேநீர்க் கோப்பையின் வட்டம் பதிந்த விடைக்குறிப்பு.

கேள்வி எளிதுதான்:
உப்புநீரில் ஊறிய உருளைக்கிழங்குத் துண்டு
ஏன் துவண்டது? இரண்டு மதிப்பெண்.
சவ்வூடுபரவல் என்ற சொல்லுக்கு ஒன்று.
தண்ணீர் எங்கிருந்து எங்கே போனது, அதற்கு ஒன்று.

ஏரிக்கரைப் பிள்ளையாக இருக்கவேண்டும்,
பென்சிலை அழுத்தி எழுதியிருந்தது:
மீனுக்கு உப்பிட்டால் மீன் அழும்.
கிழங்கும் அழுதது.
அழுது முடித்ததும் துவண்டது.

இரண்டும் போடலாம் என்றாள் நெகேசா.
முட்டை, என்றான் கிப்ரோனோ,
அழுகை பாடத்திட்டத்தில் இல்லை.
குழுத்தலைவர் முவாக்கியோ கண்ணாடியைக் கழற்றி
வெகுநேரம் துடைத்தார்.
"நீர் வெளியே வந்ததைக் கண்ணீர் சொல்லிவிட்டது.
சொல்லைத்தான் சொல்லவில்லை. ஒன்று.
இனி எவர் தாளில் எது அழுதாலும் ஒன்று."

சிரித்தோம். குறிப்பின் ஓரத்தில்
ஆறு பேரும் எழுதிக்கொண்டோம்: அழுதது – 1.

எனக்கு மட்டும் தேநீர் தொண்டையில் நின்றது.

முதல் நாள் காலை, வெறும் வயிறு:
"கிழங்கு வியர்த்தது" என்றது ஒரு தாள்.
முட்டை போட்டேன். அடியில் இரண்டு கோடு வேறு.
நேற்று மாலை, தகரக் கூரையில் மழை,
மகள் தொலைபேசியில் சிரித்து வைத்த கையோடு
"கிழங்கு தண்ணீரைத் துப்பியது."
அதற்கு இரண்டு.

ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு
என்பது மாற்றாந்தாய்க்குச் சொன்னது என்றிருந்தேன்.
பசிக்கும் மழைக்கும் சொன்னதாம்.

இரவு, கையிலிருந்த கட்டுகளைப் பிரித்தேன்.
இருநூற்றுப் பதினான்கு தாள்.
ஜெனரேட்டர் நின்றது. டார்ச்சைத்
தாடைக்கும் தோளுக்கும் இடையே இடுக்கிக்கொண்டேன்.
துப்பிய பிள்ளை அகப்பட்டது.
பெயர் இல்லை, ஊர் இல்லை, எண் மட்டும்.
ஆனால் ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக்கோடு போடும் பிள்ளை.
இரண்டை அடித்து ஒன்று என்று எழுத
இவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாது.
தவறானாலும் எல்லோருக்கும் ஒரே தவறாக இருக்கட்டும்
என்பார் முவாக்கியோ.
அது நீதியா, களைப்பா?
கேட்கவில்லை. அவரும் தூங்கவில்லை.

வியர்த்த தாள் மட்டும் கிடைக்கவே இல்லை.

விடியலில் காவலாளி சொன்னான்,
முதல் நாள் கட்டெல்லாம் நேற்றே லாரியில்.
ரப்பர் செருப்போடு ஓடினேன்.
கேட்டருகே லாரி உறுமிக்கொண்டிருந்தது,
தார்ப்பாய் கட்டி, முத்திரை மட்டும் பாக்கி.

"எத்தனை மார்க்குக்கு, டீச்சர்?"

ஒன்று, என்றேன்.

ஓட்டுநர் என் செருப்பைப் பார்த்தார்.
இஞ்சினை அணைத்தார்.